ஸ்கிரிப்ட் கான்ஃபிக்கில் பல மெயில் முகவரிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராத்திரி பேக்கப் முடிந்ததும் "முடிந்தது" என்றோ "கோளாறு" என்றோ மெயில் அனுப்பும் ஸ்கிரிப்ட் பல அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆரம்பத்தில் அந்த மெயில் ஒரே ஆளுக்குப் போகும். அப்புறம் மேலாளர் "எனக்கும் ஒரு காப்பி போடுங்க" என்பார், கணக்குப் பிரிவும் கேட்கும். கான்ஃபிக் ஃபைலில் ஒரு முகவரி இருந்த இடத்தில் மூன்று வந்து உட்கார்ந்ததும் கேள்விகள் கிளம்பும். அப்படி அடிக்கடி வருகிற கேள்விகளுக்கான பதில்கள் இவை. பெரும்பாலும் பைத்தானை வைத்துச் சொல்லியிருக்கிறேன். மற்ற மொழிகளில் எங்கே மாறுகிறதோ அங்கே மட்டும் அவற்றைத் தொட்டிருக்கிறேன். முகவரிகள் கற்பனை, படிக்க எளிதாக இருக்கட்டும் என்று தமிழிலேயே எழுதியிருக்கிறேன்.

மூன்று முகவரி கொடுத்திருக்கிறேன். மெயிலைத் திறந்தால் "டூ" வரியில் மூன்றும் தெரிகிறது. ஆனால் முதல் ஆளுக்கு மட்டும்தான் மெயில் வருகிறது. ஏன்?

இதுதான் எல்லோரும் முதலில் மோதிக்கொள்ளும் சுவர். காரணம் தெரிந்துவிட்டால் மீதிப் பிரச்சினைகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

மெயில் சர்வரிடம் பெறுநர் விவரம் இரண்டு முறை போகிறது. மெயிலுக்குள்ளே தலைப்புப் பகுதியில் இருக்கும் "டூ" வரி ஒன்று. மெயிலை ஒப்படைக்கும் முன் சர்வரோடு நடக்கும் பேச்சு இன்னொன்று. தபால்காரர் உறையின் மேல் இருக்கும் விலாசத்தைத்தான் பார்ப்பார், உள்ளே கடிதத்தில் "அன்புள்ள செல்விக்கும் ரவிக்கும்" என்று எழுதியிருப்பது அவருக்குத் தெரியாது. மெயில் சர்வரும் அப்படித்தான். மெயில் அனுப்பப் பயன்படும் எஸ்எம்டிபி நெறிமுறையில் அந்த உறை இப்படி எழுதப்படுகிறது:

மெயில் ஃப்ரம்:<பேக்கப்@அலுவலகம்>
250 ஓகே
ஆர்சிபிடி டூ:<செல்வி@அலுவலகம்>
250 ஓகே
ஆர்சிபிடி டூ:<ரவி@அலுவலகம்>
250 ஓகே
டேட்டா

ஒரு பெறுநருக்கு ஒரு "ஆர்சிபிடி டூ" வரி. ஒரே வரியில் கமா போட்டு இரண்டு பேரை எழுத முடியாது.

பைத்தானின் மெயில் அனுப்பும் நூலகமான எஸ்எம்டிபிலிப்பில் இருக்கும் சென்ட்மெயில் ஃபங்ஷன், பெறுநர்களை லிஸ்ட்டாக எதிர்பார்க்கிறது. ஸ்ட்ரிங்காகக் கொடுத்தாலும் கோபித்துக்கொள்ளாது, அதை ஒரே முகவரி உள்ள லிஸ்ட் என்று எடுத்துக்கொள்ளும். "செல்வி@அலுவலகம், ரவி@அலுவலகம்" என்ற முழு ஸ்ட்ரிங்கும் ஒரு முகவரி ஆகிவிடுகிறது. அதைச் சுத்தம் செய்யும் உள் ஃபங்ஷன் முதல் முகவரியை மட்டும் பொறுக்கி எடுக்கும், ரவி காணாமல் போவார். பிழைச் செய்தி எதுவும் வராது. "டூ" தலைப்பில் நீங்கள் எழுதியது அப்படியே இருப்பதால், மெயில் வந்த செல்வி அதைப் பார்த்து ரவிக்கும் போயிருக்கிறது என்றே நினைப்பார்.

பைத்தான் 3.13 முதல் இந்த நடத்தை மாறியிருக்கிறது. அதற்கு முந்தைய சில வரிசைகளின் பாதுகாப்புத் திருத்தங்களிலும் இதே மாற்றம் வந்தது. முகவரி பார்ஸர் (எழுதியதைப் பிரித்துப் படிக்கும் பகுதி) கண்டிப்பாகிவிட்டதால் கமா உள்ள ஸ்ட்ரிங்கை அது ஏற்பதில்லை. எஸ்எம்டிபிலிப் அதைப் பிரிக்காமல் அப்படியே கோண அடைப்புக்குள் போட்டு அனுப்பும், சர்வர் அதைத் தப்பான முகவரி என்று திருப்பிவிடும். "நேற்றுவரை செல்விக்காவது போனது, பைத்தானை அப்டேட் செய்த பிறகு யாருக்குமே போகவில்லை" என்று யாராவது சொன்னால் இங்கே பாருங்கள். என்னைக் கேட்டால் புதிய நடத்தைதான் நல்லது. பாதி வேலை செய்துவிட்டுச் சத்தமில்லாமல் இருப்பதைவிட, முழுசாக விழுந்து சத்தம் போடுவது மேல்.

தீர்வு: கான்ஃபிக்கைப் படிக்கும் இடத்திலேயே லிஸ்ட்டாக மாற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு ஸ்கிரிப்ட் முழுக்க அந்த லிஸ்ட்தான் சுற்ற வேண்டும். "டூ" தலைப்பு எழுதும்போது மட்டும் கமாவும் இடைவெளியும் வைத்து ஒட்டிக்கொள்ளுங்கள், உறைக்கு லிஸ்ட்டையே கொடுங்கள்.

கமாவா, செமிகோலனா?

கமா. மெயில் தலைப்புகளின் வடிவத்தை வரையறுக்கும் ஆர்எஃப்சி 5322 (2008) என்ற இணையத் தர ஆவணம் முகவரிகளைக் கமாவால்தான் பிரிக்கிறது. 1982-இல் வந்த ஆர்எஃப்சி 822 காலத்திலிருந்தே அப்படித்தான். செமிகோலனுக்கு அங்கே வேறு வேலை: "தணிக்கைக் குழு: செல்வி@அலுவலகம், ரவி@அலுவலகம்;" என்று ஒரு குழுவின் பெயர் போட்டு எழுதும்போது அந்தக் குழுவை முடிக்கும் குறி அது.

அப்படியானால் எல்லோரும் ஏன் செமிகோலன் போடுகிறார்கள்? அவுட்லுக்தான் காரணம். அதில் செமிகோலன்தான் இயல்பான பிரிப்பான், கமாவும் வேண்டுமென்றால் அமைப்பில் போய் அனுமதிக்க வேண்டும். அலுவலகத்தில் அவுட்லுக்கிலேயே பழகியவர்கள் அங்கிருந்து வரியை அப்படியே காப்பி செய்து கான்ஃபிக்கில் ஒட்டுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஐஎன்ஐ வகை ஃபைலில் (வரிக்கு ஒரு "பெயர் = மதிப்பு" என்று எழுதும் கான்ஃபிக் வடிவம்) செமிகோலனுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. பல ஐஎன்ஐ பார்ஸர்களில் செமிகோலன் குறிப்புரையின் தொடக்கம். பிஎச்பியின் ஐஎன்ஐ பார்ஸரில் மேற்கோள் குறிக்குள் வைக்காவிட்டால் செமிகோலனுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் போய்விடும். பைத்தான் 2-இன் கான்ஃபிக் பார்ஸரும் இடைவெளிக்குப் பின் வரும் செமிகோலனை அப்படித்தான் வெட்டியது. பைத்தான் 3-இல் வரிக்கு நடுவில் வரும் குறிப்புரை இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. வரியின் தொடக்கத்தில் வந்தால் மட்டும்தான் குறிப்புரை.

இரண்டையும் ஏற்கும்படி எழுதலாமா என்றால், எழுதலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாச் செமிகோலனையும் கமாவாக மாற்றினால் மேற்கோளுக்குள் இருக்கும் பெயர்களும் குழு வடிவமும் கெடும். நான் விரும்புவது இது: செமிகோலன் தென்பட்டால் "முகவரிகளைக் கமாவால் பிரிக்கவும்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு ஸ்கிரிப்ட் நின்றுவிட வேண்டும். திருத்த ஒரு நொடி ஆகும்.

கமா கிடைக்கும் இடத்தில் எல்லாம் ஸ்ப்ளிட் செய்தால் முடிந்ததுதானே? எதற்கு இவ்வளவு?

வெறும் முகவரிகள் மட்டும் என்றால் முடிந்ததுதான். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் இருக்கும் இடைவெளியைச் சீவி, காலியான துண்டுகளைத் தூக்கிப் போட்டால் போதும். வரியின் கடைசியில் தொங்கும் கமா காலித் துண்டு ஒன்றைத் தரும், அதைத் தூக்காமல் விட்டால் சர்வர் பெயரில்லாத ஆளுக்கு மெயில் அனுப்பச் சொல்வதாகப் புலம்பும்.

பெயரோடு சேர்த்து எழுத ஆரம்பித்தவுடன் ஸ்ப்ளிட் உடைகிறது. இதைப் பாருங்கள்:

"செல்வி, கணக்குப் பிரிவு" <செல்வி@அலுவலகம்>, ரவி <ரவி@அலுவலகம்>

இதில் இருப்பது இரண்டு பெறுநர். கமாவில் வெட்டினால் மூன்று துண்டு வரும். முதல் துண்டு, திறந்த மேற்கோளோடு நிற்கும் செல்வி. இரண்டாவது, மூடிய மேற்கோளோடு வரும் கணக்குப் பிரிவு. நிறுவனங்களின் முகவரிப் புத்தகத்தில் "குடும்பப் பெயர், சொந்தப் பெயர்" என்று வைத்திருப்பார்கள், அங்கிருந்து எடுத்தால் ஒவ்வொரு பெயரிலும் ஒரு கமா இருக்கும்.

நம் ஊர்ப் பெயர்களில் இன்னொரு சின்ன விஷயம்: தலைப்பெழுத்து. "மு. செல்வி <செல்வி@அலுவலகம்>" என்று மேற்கோள் இல்லாமல் எழுதுவது, கறாராகப் பார்த்தால், ஆர்எஃப்சி 5322-இன்படி பழைய வழக்கு. பெயரில் புள்ளி வந்தால் மேற்கோளுக்குள் போட வேண்டும். பெரும்பாலான பார்ஸர்கள் இதைப் பெரிதுபடுத்துவதில்லை. இருந்தாலும் எழுதும்போது மேற்கோள் போட்டுவிடுவது நல்லது.

அப்போ எதை வைத்துப் பிரிப்பது?

மொழியோடு வரும் முகவரி பார்ஸரை வைத்து. பைத்தானில் ஈமெயில் யுடில்ஸில் கெட்அட்ரஸஸ் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. ஸ்ட்ரிங்குகளின் லிஸ்ட் ஒன்றைக் கொடுத்தால் (பெயர், முகவரி) ஜோடிகளாகத் திருப்பித் தரும். மேற்கோளுக்குள் இருக்கும் கமாவைத் தொடாது. அதற்கு வெறும் ஸ்ட்ரிங்கைக் கொடுக்காதீர்கள், ஒரு ஸ்ட்ரிங் மட்டும் இருந்தாலும் சதுர அடைப்புக்குள் போட்டுக் கொடுங்கள்.

திரும்பி வரும் ஜோடிகளில் முகவரி காலியாக இருந்தால் பார்ஸருக்குப் புரியவில்லை என்று பொருள். கண்டிப்பான முறையில் ஒரே ஒரு தப்பு இருந்தாலும் மொத்த லிஸ்ட்டுக்கும் பதிலாக ஒரேயொரு காலி ஜோடி வரும். காலியைச் சத்தமில்லாமல் வடிகட்டினால் பெறுநரே இல்லாத மெயில்தான் மிஞ்சும். காலி வந்தால் அந்த வரியைக் காட்டிவிட்டு நிறுத்துங்கள். கடைசியில் தொங்கும் கமாவைக்கூடக் கண்டிப்பான பார்ஸர் பிழையாக எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால், அதைக் கொடுப்பதற்கு முன்பே கழற்றிவிடுங்கள்.

இந்தக் கண்டிப்பு எதற்கு வந்தது என்றால், சிவிஇ-2023-27043 என்ற பாதுகாப்புக் குறைபாட்டுக்காக. சிறப்புக் குறிகளைக் கலந்து எழுதிய முகவரியில் பழைய பார்ஸர் தவறான பகுதியை முகவரி என்று எடுத்துக் கொடுத்தது. "நம் டொமைனில் இருப்பவர்களுக்கு மட்டும்" என்று சோதிக்கும் இடங்களில் அது ஓட்டை ஆகிவிடும்.

மற்ற மொழிகளின் மெயில் நூலகங்களில் வழக்கம் மாறும். பிஎச்பி மெயிலரில் ஒரு பெறுநருக்கு ஒரு முறை ஆட்அட்ரஸ் கூப்பிட வேண்டும். நோட்மெயிலர் கமா ஸ்ட்ரிங்கையும் ஏற்கும், அரேயையும் ஏற்கும். கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் கமாவால் பிரித்த ஒரே ஸ்ட்ரிங்தான் கேட்கப்படுகிறது. ஒரு மொழியில் எழுதியதை இன்னொன்றுக்கு மாற்றும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பெர்லில் எழுதுபவர்களுக்கு இன்னொரு பொறி: இரட்டை மேற்கோளுக்குள் @ வந்தால் அதை அரே என்று பெர்ல் நினைத்துக்கொள்ளும். ஒற்றை மேற்கோள் போடுங்கள்.

கான்ஃபிக் ஃபைலுக்கு எந்த வடிவம் வசதி?

லிஸ்ட் என்ற கருத்தே உள்ள வடிவம் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜேசான், டாம்ல், யாம்ல் மூன்றிலும் லிஸ்ட் உண்டு, அதனால் பிரிப்பது பற்றிய கேள்வியே எழாது. பெறுநரை மாற்றப்போவது நிரல் எழுதாத ஆள் என்றால் ஐஎன்ஐ எளிது. அதில் எல்லா மதிப்பும் ஸ்ட்ரிங்தான். எனக்குப் பிடித்தது வரிக்கு ஒருவர் என்று எழுதும் முறை:

மெயில்_டூ =
    "மு. செல்வி" <செல்வி@அலுவலகம்>
    # ரவி விடுமுறையில்
    # ரவி@அலுவலகம்
    தணிக்கை@அலுவலகம்

பைத்தானின் கான்ஃபிக் பார்ஸர் உள்தள்ளிய வரிகளை ஒரே மதிப்பின் தொடர்ச்சியாக எடுத்துக்கொள்ளும், நடுவில் இருக்கும் குறிப்புரை வரிகளை விட்டுவிடும். வருகிற மதிப்பை வரிவரியாக உடைத்து, காலி வரிகளை நீக்கி, அந்த லிஸ்ட்டை அப்படியே கெட்அட்ரஸஸிடம் கொடுக்கலாம். ஒருவரைத் தற்காலிகமாக நிறுத்த ஒரு குறி போதும், யார் எப்போது சேர்ந்தார் என்பதைக் ஃபைலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் வரிவரியாகப் பார்க்கலாம்.

ஐஎன்ஐயில் சதவீதக் குறியிடம் கவனம். அது மதிப்புக்குள் வந்தால் கான்ஃபிக் பார்ஸர் மாறி என்று நினைத்துப் பிழை தரும். முகவரியில் சதவீதக் குறி அபூர்வம்தான், ஆனால் அதே ஃபைலில் இருக்கும் கடவுச்சொல்லில் வந்துவிடும். இன்டர்போலேஷனை (மாறியின் இடத்தில் அதன் மதிப்பைப் போடும் வசதியை) அணைத்துவிட்டால் கவலையில்லை.

யாம்லில் இரண்டு இடங்களில் கால் இடறும். மதிப்பின் முதல் எழுத்து @ ஆக இருக்கக் கூடாது, அது யாம்லில் ஒதுக்கி வைக்கப்பட்ட குறி. இரண்டாவது இன்னும் வழக்கமானது:

- "மு. செல்வி" <செல்வி@அலுவலகம்>

மேற்கோளில் தொடங்கியதால் மேற்கோள் மூடியதும் மதிப்பு முடிந்தது என்று யாம்ல் முடிவு செய்துவிடும். மீதியைப் பார்த்துப் பிழை எறியும். முழு வரியையும் வெளியே ஒற்றை மேற்கோளுக்குள் போட்டால் சரியாகிவிடும்:

- '"மு. செல்வி" <செல்வி@அலுவலகம்>'

ஒரே ஒரு முகவரி கொடுத்தால் ஸ்கிரிப்ட் எழுத்தெழுத்தாக மெயில் அனுப்பப் பார்க்கிறது!

யாம்லில் அல்லது ஜேசானில் லிஸ்ட் குறி இல்லாமல் வெறும் முகவரியை எழுதியிருப்பீர்கள். அது ஸ்ட்ரிங்காக வந்திருக்கும். பைத்தானில் ஸ்ட்ரிங்கையும் லூப்பில் சுற்றலாம் என்பதால் ஒவ்வொரு எழுத்தும் ஒரு பெறுநர் ஆகிவிட்டது. படிக்கும் இடத்தில் "ஸ்ட்ரிங் வந்தால் ஒரு உறுப்பு உள்ள லிஸ்ட்டாக்கு" என்று ஒரு நிபந்தனை வையுங்கள். ஒருவர் என்றால் ஸ்ட்ரிங், பலர் என்றால் லிஸ்ட் என்று மனிதர்கள் எழுதத்தான் செய்வார்கள்.

கமாண்ட் லைன் ஆப்ஷனில் பல பேரை எப்படிக் கொடுப்பது?

ஆப்ஷனையே திரும்பத் திரும்பக் கொடுக்க விடுங்கள்: "--டூ செல்வி@அலுவலகம் --டூ ரவி@அலுவலகம்". கிட் சென்ட்-ஈமெயில் இப்படித்தான் வாங்கிக்கொள்கிறது. கமாண்ட் லைனைப் படிக்கும் பைத்தானின் ஆர்க்பார்ஸில் இதற்கு "அப்பென்ட்" என்ற ஆக்‌ஷன் இருக்கிறது. "ஒன்று அல்லது அதற்கு மேல்" என்று ஒரே ஆப்ஷனுக்குப் பல மதிப்பு வாங்கும் முறையும் உண்டு, ஆனால் அதற்குப் பசி அதிகம். பின்னால் வரும் ரிப்போர்ட் ஃபைலின் பெயரையும் பெறுநர் என்று விழுங்கிவிடும்.

அப்பென்டிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இயல்பு மதிப்பாக ஒரு லிஸ்ட் வைத்திருந்தால், கமாண்ட் லைனில் கொடுப்பது அதற்குப் பதிலாக வராது, அதோடு சேரும். சோதனைக்கு உங்கள் முகவரியை மட்டும் கொடுத்து ஓட்டுவீர்கள், இயல்பாக இருக்கும் மேலாளருக்கும் "சோதனை சோதனை" என்று மெயில் போய்க்கொண்டிருக்கும். இயல்பைக் காலியாக வைத்து, எதுவும் வராதபோது மட்டும் கான்ஃபிக்கிலிருந்து எடுங்கள்.

க்ரானின் மெயில்டூவில் பல முகவரி போடலாமா?

குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் க்ரான், தன் மெயிலை யாருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும் மாறிதான் மெயில்டூ. அதில் பல முகவரி போடலாம், கமாவால் பிரித்து. ஆனால் க்ரான்டேபில் (க்ரானின் கான்ஃபிக் ஃபைல்) வேறொரு மாறியைக் குறிப்பிட்டு எழுதினால் அது விரியாது, டாலர் குறியோடு எழுத்து அப்படியே நிற்கும். காலி மேற்கோள் கொடுத்தால் மெயிலே போகாது. "மெயில் வரவில்லை" என்ற புகாருக்குச் சில நேரம் யாரோ எப்போதோ போட்ட அந்தக் காலி மேற்கோள்தான் விடை.

ஷெல் ஸ்கிரிப்டில்?

பாஷில் அரே வையுங்கள். பெரும்பாலும் இடைவெளி விட்டு ஒரே மாறியில் முகவரிகளை எழுதி, மேற்கோள் இல்லாமல் மெயில் கட்டளைக்குக் கொடுப்பார்கள். ஷெல் அதை இடைவெளியில் உடைத்துக் கொடுப்பதால் வேலை நடக்கும். பிறகு ஒருநாள், ஷெல் ஸ்கிரிப்டில் தப்புத் தேடும் ஷெல்செக் "மாறியை மேற்கோளுக்குள் போடு" என்று எச்சரிக்க, யாராவது நல்ல பிள்ளையாகப் போட்டுவிடுவார்கள். இப்போது எல்லா முகவரியும் ஒரே ஆர்க்யுமென்ட். சில வகை மெயில் கட்டளைகள் அதையும் பிரித்துக்கொள்ளும், சில பிரிக்காது. அரேயாக வைத்து, மேற்கோளுக்குள் அதன் எல்லா உறுப்புகளையும் விரித்துக் கொடுத்தால் ஷெல்செக்கும் திருப்தி, மெயிலும் போகும்.

முகவரி கண்ணுக்குச் சரியாகவே இருக்கிறது, ஆனாலும் சர்வர் மறுக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். வேர்டிலிருந்தோ வலைப்பக்கத்திலிருந்தோ எடுத்து ஒட்டிய முகவரியில் உடையா இடைவெளியோ (யூனிகோட் 00ஏ0) பூச்சிய அகல இடைவெளியோ (200பி) வரலாம். பைத்தானின் ஸ்ட்ரிப் முதலாவதை நீக்கிவிடும். இரண்டாவதை நீக்காது, ஏனென்றால் யூனிகோட் கணக்கில் அது வெற்றிடமே அல்ல. நோட்பேடில் சேமித்த ஃபைலின் முதல் எழுத்தாக வரும் பிஓஎம் (எஃப்இஎஃப்எஃப்) இன்னொன்று. ஃபைலைத் திறக்கும்போது "யுடிஎஃப்-8-சிக்" என்று சொன்னால் அது கழன்றுவிடும்.

கண்டுபிடிக்க, முகவரியைச் சாதாரணமாக அச்சிடாமல் "அஸ்கி" ஃபங்ஷனில் போட்டு அச்சிடுங்கள். ஒளிந்திருப்பது பின்சாய்கோட்டோடு வெளியே வரும். லாகிலும் முகவரிகளை இந்த வடிவில் எழுதி வைப்பது நல்ல பழக்கம். வேர்ட் மாற்றிப் போடும் வளைந்த மேற்கோள்களும் இதில் மாட்டும். பார்ஸருக்கு அவை மேற்கோளே அல்ல, அதனால் உள்ளே இருக்கும் கமாவை அவை காப்பாற்றாது.

முகவரி சரியா என்று எவ்வளவு தூரம் சோதிக்க வேண்டும்?

கொஞ்சம் போதும். @ இருக்கிறதா, இரு பக்கமும் ஏதாவது இருக்கிறதா, நடுவில் இடைவெளியோ வரி முறிவோ இல்லையா. நீளமும் பார்க்கலாம்: @-க்கு முன்னால் 64 பைட், மொத்தம் 254 பைட் என்பது எஸ்எம்டிபியின் வரம்பு. அதற்கு மேல் போகாதீர்கள். இணையத்தில் சுற்றும் நீளமான ரெஜெக்ஸ்களில் (எழுத்து வடிவத்தைச் சோதிக்கும் சூத்திரங்கள்) பல, கூட்டல் குறி உள்ள முகவரியையும், நான்கு எழுத்துக்கு மேல் போகும் டொமைன் முடிவையும் தள்ளிவிடும். முகவரி உண்மையில் இருக்கிறதா என்பதை மெயில் அனுப்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

ஒரே ஆள் இரண்டு முறை இருந்தால்?

ஒப்பிடுவதற்கு மட்டும் சிறிய எழுத்தாக மாற்றி, இரட்டிப்பை நீக்குங்கள். அனுப்புவதற்கு அவர் எழுதிய வடிவத்தையே வையுங்கள். டொமைன் பகுதியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு கிடையாது. @-க்கு முன்னால் அது பெறும் சர்வரின் விருப்பம் என்கிறது விதி, நடைமுறையில் வேறுபடுத்தும் சர்வரைப் பார்ப்பது அரிது.

சிசி, பிசிசி இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

உறையைப் பொறுத்தவரை டூ, சிசி, பிசிசி எல்லாம் ஒன்றுதான். மூன்று லிஸ்ட்டையும் கூட்டி உறைக்குக் கொடுங்கள். டூவும் சிசியும் தலைப்பில் வர வேண்டும். பிசிசி தலைப்பில் வரவே கூடாது. சென்ட்மெயில் ஃபங்ஷனுக்கு நீங்கள் தருகிற மெயிலில் பிசிசி வரி இருந்தால் அது அப்படியே வெளியே போகும். சென்ட்_மெசேஜ் ஃபங்ஷன் மூன்று தலைப்புகளிலிருந்தும் பெறுநரை எடுத்துக்கொண்டு, பிசிசி வரியைக் கழற்றிவிட்டு அனுப்பும். புதிதாக எழுதுபவர்கள் இரண்டாவதையே பயன்படுத்தலாம்.

மூன்றில் ஒரு முகவரி தப்பு. மற்ற இருவருக்குப் போகுமா?

போகும். சர்வர் அந்த ஒரு "ஆர்சிபிடி டூ" வரிக்கு 550 என்று சொல்லும், மற்றவற்றுக்கு 250. எஸ்எம்டிபிலிப் எல்லோரும் மறுக்கப்பட்டால் மட்டும்தான் எக்ஸெப்ஷன் எறியும். ஒருவராவது ஏற்கப்பட்டால் வெற்றி என்று திரும்பி, மறுக்கப்பட்டவர்களை ஒரு டிக்‌ஷனரியாகக் கையில் கொடுக்கும். அந்தத் திரும்பு மதிப்பைப் பெரும்பாலான ஸ்கிரிப்டுகள் பார்ப்பதே இல்லை. வேலையை விட்டுப் போனவரின் முகவரி வருஷக்கணக்கில் கான்ஃபிக்கில் கிடப்பது இதனால்தான். டிக்‌ஷனரி காலியாக இல்லாவிட்டால் லாகில் எழுதுங்கள். இதில் இன்னொன்று: சர்வர் முதலில் 250 சொல்லிவிட்டு, பிறகு முடியவில்லை என்று தனி மெயிலாகத் திருப்புவதும் உண்டு. அது அனுப்புநர் முகவரிக்கு வரும். யாரும் திறக்காத முகவரியை அனுப்புநராகப் போட்டிருந்தால் அந்தச் சேதி வீண்.

தமிழில் பெயர் எழுதலாமா? முகவரியே தமிழில் இருந்தால்?

பெயர் எழுதலாம். தலைப்பில் அது ஆர்எஃப்சி 2047 (1996) சொல்லும் குறியீட்டு வடிவில் போகும், பைத்தானின் மெயில் நூலகம் அதைப் பார்த்துக்கொள்ளும். ஒரு குறியீட்டுத் துண்டு 75 எழுத்தைத் தாண்டக் கூடாது. தமிழ் எழுத்துக்குறி ஒன்று யுடிஎஃப்-8-இல் 3 பைட், பேஸ்64-இல் 4 எழுத்து. சுற்றியுள்ள குறிகளுக்கு 12 போனால் ஒரு துண்டில் 15 எழுத்துக்குறிதான் கொள்ளும், புள்ளியும் கொம்பும் தனித்தனி எழுத்துக்குறிகள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் நம் பெயர்கள் இரண்டு மூன்று துண்டாக உடைவது இயல்பு. கையால் குறியீடாக்க முயல வேண்டாம். வந்த மெயிலின் தலைப்பைப் பார்ஸ் செய்வதானால் முதலில் முகவரிகளாகப் பிரித்து, பிறகு பெயரை விடுவியுங்கள். முதலில் விடுவித்தால் உள்ளே ஒளிந்திருந்த கமா வெளியே வந்து பிரிப்பைக் கெடுக்கும்.

முகவரி விஷயம் வேறு. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழ் டொமைன் முடிவுகள் உண்டு. டொமைன் பகுதியைப் ப்யூனிகோடாக (ஆங்கில எழுத்துகளில் எழுதும் வடிவம்) மாற்றிப் பழைய சர்வர்களிடமும் கொடுக்கலாம். @-க்கு முன்னால் தமிழ் இருந்தால் அந்த வழி கிடையாது, வழியில் உள்ள சர்வர்கள் 2012-இன் ஆர்எஃப்சி 6531 சொல்லும் எஸ்எம்டிபியுடிஎஃப்8 வசதியை ஆதரிக்க வேண்டும். ஆதரவில்லாத சர்வரிடம் கொடுத்தால் சென்ட்_மெசேஜ் நேரடியாகவே பிழை சொல்லும்.

கான்ஃபிக்கில் வரும் முகவரியால் பாதுகாப்புப் பிரச்சினை வருமா?

கான்ஃபிக்கை நீங்கள் மட்டும் எழுதுகிறீர்கள் என்றால் பெரிதாக இல்லை. வலைப் படிவத்திலிருந்து வருகிறது என்றால் நிச்சயம் வரும். முகவரிக்குள் வரி முறிவு இருந்தால் அதற்குப் பின்னால் புதிய தலைப்பை நுழைத்துவிடலாம். பைத்தானின் ஈமெயில்மெசேஜ் இதை மறுக்கும், ஸ்ட்ரிங்குகளைக் கையால் ஒட்டி மெயில் செய்பவர்களுக்கு அந்தக் காவல் இல்லை. கோடு போட்டுத் தொடங்கும் முகவரி, ஷெல் கட்டளைக்குப் போனால் ஆப்ஷன் ஆகிவிடும். பிஎச்பி மெயிலரில் 2016-இல் வெளியான சிவிஇ-2016-10033 இந்த வகைதான்: அனுப்புநர் முகவரி வழியாகச் சென்ட்மெயில் கட்டளைக்குக் கூடுதல் ஆப்ஷன்களை நுழைக்க முடிந்தது. கட்டளைக்குக் கொடுக்கும்போது முகவரிகளுக்கு முன்னால் இரட்டைக் கோடு போட்டு, ஆப்ஷன்கள் முடிந்தன என்று சொல்லிவிடுங்கள்.

எத்தனை பேரைப் போடலாம்?

ஒரு மெயிலுக்கு 100 பெறுநரையாவது சர்வர் ஏற்க வேண்டும் என்கிறது ஆர்எஃப்சி 5321. அதற்கு மேல் சர்வரைப் பொறுத்தது, தாண்டினால் 452 வரும். ஆனால் பத்துப் பேரைத் தாண்டும்போதே கான்ஃபிக் அதற்கான இடமில்லை. மெயில் சர்வரில் ஒரு குழு முகவரியோ ஏலியாஸோ உருவாக்கி, ஸ்கிரிப்டில் அந்த ஒன்றை மட்டும் வையுங்கள். ஆள் மாறினால் ஸ்கிரிப்டைத் தொட வேண்டியதில்லை.

யாருக்கும் மெயில் போகாமல் எப்படிச் சோதிப்பது?

இதற்குப் பைத்தானோடு வந்த எஸ்எம்டிபிடி மாட்யூல் பயன்பட்டது, அது 3.12-இல் நீக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பதிலாக ஏஐஓஎஸ்எம்டிபிடியை நிறுவி ஓட்டினால் உங்கள் கணினியிலேயே 8025 போர்ட்டில் ஒரு போலி சர்வர் கிடைக்கும், வருகிற மெயிலைத் திரையில் காட்டிவிட்டுத் தூக்கிப் போடும். அது காட்டும் "டூ" வரியை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம், முதல் கேள்வியில் ரவி தொலைந்ததை மறைத்த வரி அதுதான். எஸ்எம்டிபிலிப்பில் டீபக் லெவலை 1 ஆக்கினால் சர்வரோடு நடக்கும் பேச்சு முழுக்கத் தெரியும். "ஆர்சிபிடி டூ" வரிகளை எண்ணி, கான்ஃபிக்கில் உள்ள பெறுநர் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். சோதனைக்கான கான்ஃபிக்கில் ஒரு வெறும் முகவரி, கமா உள்ள பெயரோடு ஒன்று, தமிழ்ப் பெயரோடு ஒன்று, கடைசியில் தொங்கும் ஒரு கமா என்று நான்கையும் சேர்த்து வையுங்கள்.